காதோரம் செருகிய அரைப் பீடி

பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது. மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் வாசல். பெயர் வேண்டாம், இதே மாதிரி வாசல்கள் நுவரெலியா மாவட்டத்தில் நிறைய உண்டு. இரவு பிடித்த மழை விடிந்தும் விடாமல் தூறிக்கொண்டிருக்கிறது. ஆட்டோவிலிருந்து இறங்கிய பெரியவர் தலையில் சுற்றியிருந்த துவாயை அவிழ்த்து உதறுகிறார். ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, வாயில் பீடி. கேட்டின் மேலே 'புகைத்தல் தடை' என்ற பலகை. பெரியவர் பலகையைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே நிற்கும் காவலாளித் தம்பியைத்தான் பார்க்கிறார். பீடியை மதிலில் மெல்லத் தேய்த்து அணைக்கிறார். எறிய மனமில்லை, பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது. காதோரம் செருகிக்கொண்டு உள்ளே போகிறார்.

அந்த மதிலைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் கரும்பொட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஓர் ஆள் நீளத்துக்கு. "பெயின்ட் அடிச்சா ஒரு மாசம் நிக்காது" என்றார் காவலாளி.

சட்டத்தின் கணக்கில் இந்த இடத்தில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. பெரியவர் பலகைக்கு வெளியே அணைத்துவிட்டார். அவர் அரை மணித்தியாலத்தில் வார்ட்டுக்குப் பின்புறம், தண்ணீர்த் தாங்கிக்கும் சமையலறைக்கும் இடையில், அதே துண்டை மறுபடி பற்றவைத்ததைச் சட்டம் என்ன சொல்லும் என்பதுதான் கேள்வி. அந்த இடம் 'உள்'ளா, 'வெளி'யா?

இலங்கையில் இதற்கென ஒரு சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை உண்டாக்கியதும் அதுதான். அந்த வருடம் டிசம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார அமைப்பின் உடன்படிக்கையை 2003 நவம்பரிலேயே ஏற்று உறுதிசெய்த நாடு இது. நம் பிராந்தியத்தில் முதலில் உறுதிசெய்தோம் என்று அதிகாரிகள் மேடைகளில் சொல்லிக்கொள்வது சும்மா இல்லை. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு சிகரட் விற்கக் கூடாது. விளம்பரம் கூடாது. மூடப்பட்ட பொது இடங்களில் புகைக்கவும் கூடாது, புகைக்க விடவும் கூடாது.

'மூடப்பட்ட' என்ற அந்தச் சொல்லில்தான் மலையகத்து ஆஸ்பத்திரி வழுக்கி விழுகிறது. கொழும்பில் வைத்தியசாலை என்றால் பல மாடி, கண்ணாடிக் கதவு, மின்தூக்கி. எது உள், எது வெளி என்பதில் சந்தேகமில்லை. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய பழைய வைத்தியசாலையின் அமைப்பே வேறு. ஒரு படியில் வெளிநோயாளர் பிரிவு, இன்னொரு படியில் பெண்கள் வார்ட்டு, அதற்கும் மேலே பிரசவ அறை. இவற்றை இணைப்பது தகரம் போட்ட, பக்கச் சுவரில்லாத நடைபாதை. ஜன்னல்கள் அந்த நடைபாதையை நோக்கித் திறக்கும். பனி இறங்கும் நேரத்தில் காற்று அசையாது. நடைபாதையில் ஒருவர் இழுத்து விட்டால் ஆறு கட்டிலுக்கு அது போய்ச் சேரும்.

அந்த உடன்படிக்கையில் உறுப்பினரான நாடுகள் 2007இல் பாங்கொக்கில் கூடி ஏற்றுக்கொண்ட வழிகாட்டல் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறது. மேலே கூரை இருந்தால் போதும், அல்லது ஒரு பக்கம் சுவர் இருந்தால் போதும், அதை உள்ளிடமாகக் கொள்ளுங்கள் என்பது அதன் பரிந்துரை. அந்தக் கணக்கில் நம் தகர நடைபாதை சந்தேகமே இல்லாமல் உள்ளிடம். ஆனால் வழிகாட்டல் வேறு, கேட்டில் நிற்பவர் கையில் இருக்கும் அதிகாரம் வேறு. இந்தியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் பொது இடங்களின் பட்டியலில் 'மருத்துவமனைக் கட்டடங்கள்' என்றுதான் எழுதியிருக்கிறது. கட்டடத்தைச் சுற்றியுள்ள மண்ணைச் சட்டம் எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் வாகனத்திலிருந்து இறங்கி நேரே உள்ளே போகிறவர்கள் என்பது காரணமாக இருக்கலாம்.

மண்ணையும் சேர்த்துச் சட்டம் செய்த நாடுகள் உண்டு. வேல்ஸில் 2021 மார்ச் முதல் மருத்துவமனை வளாகம் முழுவதிலும் புகைப்பது குற்றம். ஸ்கொட்லாந்து 2022 செப்டெம்பரில் அளவுநாடாவை எடுத்தது: மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து 15 மீற்றருக்குள் பற்றவைத்தால் 50 பவுண் தண்டம். அந்த 15 மீற்றரை இங்கே கொண்டுவந்து அளந்து பார்க்க எனக்கு ஆசை. தோட்டத்து மருந்தகங்கள் பலவற்றில் சுவரிலிருந்து பத்து எட்டு வைத்தால் யாரோ ஒருவருடைய லயத்து வாசற்படியில் நிற்போம். அவர் வீட்டுத் திண்ணையில் அவர் பீடி குடிப்பதைத் தடுக்க எந்தச் சட்டத்தாலும் ஏலாது.

துண்டு பொறுக்கும் கணக்கு

'புகையற்ற வளாகம்' என்ற அறிவிப்பை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்று அளக்க ஆய்வாளர்களிடம் ஒரு வழிமுறை இருக்கிறது. பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான். சொல்லாமல் கொள்ளாமல் போக வேண்டும். வாசலில் பலகை இருக்கிறதா, கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாராவது புகைக்கிறார்களா, சாம்பல் தட்டு வைத்திருக்கிறார்களா, புகை மணம் வருகிறதா, தரையில் சிகரட் துண்டுகள் கிடக்கின்றனவா என்று குறித்துக்கொள்ள வேண்டும். படிக்கட்டு, கழிப்பறை, காத்திருக்கும் இடம், உணவகம் என ஒவ்வொரு புள்ளியிலும் சில நிமிடங்கள் நிற்க வேண்டும். சோம்பேறித்தனம் இல்லாமல் செய்தால் இது நேர்மையான முறைதான்.

ஆனாலும் இதை வகுத்தவர்கள் சிகரட் குடிக்கிற ஊர்களை மனதில் வைத்து வகுத்திருக்கிறார்கள். சிகரட்டின் பஞ்சு உண்மையில் பஞ்சு இல்லை, செலுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் வகை. மாதக் கணக்கில் மண்ணில் கிடந்து சாட்சி சொல்லும். பீடிக்குப் பஞ்சு கிடையாது. தெண்டு இலைச் சுருள், ஒரு பிடி தூள், ஒரு முடிச்சு நூல். நுவரெலியா மழையில் அது இரண்டு நாள் தாங்காது; ஊறி, பிரிந்து, கானில் போய்விடும். அந்த வளாகத்தின் பின்புறக் கானோரம் நான் குந்தியிருந்து பார்த்தபோது கையில் வந்தது நாலைந்து பஞ்சுத் துண்டுகள். அவற்றுக்கு நடுவே நிறம் வெளுத்த, மயிர் போன்ற சின்னச் சின்ன நூல்கள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். துண்டை எண்ணும் ஆய்வாளர் அந்த நூலைக் கண்டிருக்கவே மாட்டார். தோட்டத்து ஆட்கள் அதிகம் குடிப்பதோ பீடி.

(அந்தத் தெண்டு இலை இங்கே விளைவதில்லை, இந்தியாவிலிருந்து வர வேண்டும். வரி கட்டாமல் படகில் வருவதைப் புத்தளம், மன்னார்க் கரைகளில் கடற்படை மூட்டை மூட்டையாகப் பிடிக்கும் செய்தி அடிக்கடி வரும். பிடிபடாதது மலை ஏறுகிறது.)

இன்னொரு விஷயம் பெட்டி. சிகரட் பெட்டியில் நோயுற்ற உறுப்புகளின் படம் அச்சிட வேண்டும் என்பதற்காக இந்த நாட்டில் பெரிய சண்டையே நடந்தது. 2012இல் சுகாதார அமைச்சு விதி கொண்டுவந்தது. சிலோன் டொபாக்கோ கம்பனி நீதிமன்றம் போனது. கடைசியில் 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் பெட்டியின் 80 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டது. நல்ல வெற்றி. ஆனால் வைத்தியசாலைக்கு எதிர்க் கடையில் யாரும் பெட்டியாக வாங்குவதில்லை. "ஒண்ணு குடுங்க" என்பார்கள். கடைக்காரர் பெட்டியை மேசைக்குக் கீழே வைத்தபடியே ஒன்றை உருவி நீட்டுவார். 80 சதவீதப் படத்தையும் நாள் முழுக்கப் பார்க்கிறவர் கடைக்காரர் ஒருவர்தான்.

அதே கடையில்தான் பிள்ளை பெற்றவளுக்கான சவர்க்காரமும் நப்கினும் வெந்நீர்ப் போத்தலும் விற்கின்றன. யாழ்ப்பாண மாவட்டத்தின் பல ஊர்களில் வியாபாரிகள் தாமாகவே சிகரட் விற்பதை நிறுத்தினார்கள் என்று சில வருடங்களுக்கு முன் பத்திரிகைகள் கொண்டாடின. அது முடிந்த காரியம்தான். ஆனால் இந்தக் கடைக்காரரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பிளேன்டீயும் சிகரட்டும்தான் அவர் வியாபாரத்தின் முதுகெலும்பு என்பது அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்தாலே விளங்கிவிடும்.

காத்திருக்கிறவர்கள்

வளாகத்தில் புகைப்பவர்கள் யார் என்று அந்தக் காலையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். நோயாளிகள் குறைவு. கட்டிலில் இருப்பவருக்கு மிஸ்ஸிமாரின் பயம் இருக்கிறது. புகைத்தவர்கள் அநேகமாகக் காத்திருந்தவர்கள். மனைவிக்குப் பிரசவ வலி, உள்ளே விடமாட்டார்கள். அம்மாவுக்கு கிளினிக், இலக்கம் எண்பதைத் தாண்டும். ஆட்டோக்காரர், திரும்பிப் போகும் வாடகைக்காக.

தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது நகரத்தில் இருப்பவருக்குச் சொன்னால்தான் தெரியும். பொகவந்தலாவைப் பக்கத்து மேற்பிரிவு ஒன்றிலிருந்து புறப்படுகிறவர் முதலில் கல் ரோட்டில் இறங்கி வர வேண்டும், பிறகு பஸ். முதல் பஸ்ஸை விட்டால் கிளினிக் துண்டு கிடைக்காது. ஆகவே ஆறு மணிக்கே வந்துவிடுகிறார்கள். காலைப் பெரட்டுக்குப் போகாததால் அன்றைய பேரும், அதாவது நாட்கூலியும், போயிற்று. பத்து மணிக்கு டொக்டர், பன்னிரண்டுக்குப் பார்வை நேரம், மாலையில் மறுபடி ஒரு பார்வை நேரம். இடையில் வீட்டுக்குப் போய்வர முடியாது. கடல்மட்டத்திலிருந்து நுவரெலியா ஆறாயிரம் அடிக்கு மேல். மழையும் சேர்ந்துகொண்டால் பகலிலேயே பல் கிட்டும். இருக்க வாங்கில்லை. இருக்கும் வாங்கில் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், அது நியாயம். ஆண்கள் நிற்கிறார்கள். நிற்கிறவன் கையில் என்ன இருக்கும்?

"உள்ள போயி குந்த எடமில்ல, வெளிய குளிரு. என்னா செய்யச் சொல்றீங்க தம்பி?" காதோரப் பீடிக்காரப் பெரியவர் கேட்டது இவ்வளவுதான்.

தோட்டத்தவருக்கு வைத்தியம் என்ற எண்ணமே 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. அப்போது தேயிலை அல்ல, கோப்பிக் காலம். கூலிகள் சாகாமல் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அதன் உள்நோக்கம். நோயாளிக்குக் கட்டில் போட வேண்டும் என்று வெள்ளைக்காரனுக்குப் பட்டது. நோயாளியோடு வருகிற புருஷனுக்கும் அம்மாவுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அவனுக்கும் படவில்லை, அவனுக்குப் பிறகு வந்தவர்களுக்கும் அவ்வளவாகப் படவில்லை. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி டிக்கோயாவில் 150 கட்டில்கள் கொண்ட புதிய வைத்தியசாலைக் கட்டடத்தைத் திறந்துவைத்து, நோர்வூட் மைதானத்தில் பேசிவிட்டுப் போனார். அன்று எல்லாரும் கட்டில்களைப் பற்றித்தான் பேசினோம், நானும் சேர்த்து. எந்த ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதும்போதும் எத்தனை கட்டில் என்று கேட்கிறோம். எத்தனை வாங்கு என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். மலையகத்து ஆஸ்பத்திரி வளாகத்தில் எழும் புகையில் பெரும் பங்கு காத்திருப்பின் புகை. கூரையும் வாங்கும் ஒரு சுடுநீர்க் குழாயும் உள்ள காத்திருப்பு மண்டபம் ஒன்று கட்டினால், பத்துப் பலகை அடிப்பதைவிட அது அதிகம் வேலை செய்யும். எல்லாரும் விட்டுவிடுவார்கள் என்று சொல்லவில்லை. மண்டபத்துக்குள் பத்துப் பெண்களும் கைப்பிள்ளைகளும் இருக்கும்போது அங்கே பற்றவைக்க எந்த ஆளுக்கும் கூச்சம் வரும். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் அந்தக் கூச்சம் இல்லை.

யார் யாரிடம் சொல்வது

சட்டப்படி நடவடிக்கை எடுக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்: பொலிஸார், மதுவரி அதிகாரிகள், பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். பி.எச்.ஐ.க்குத் தலைக்கு மேல் வேலை. டெங்கு, கடைச் சோதனை, பாடசாலை, தோட்டத்துக் கழிப்பறைகள். ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் செய்தி அவருக்கு முன்னால் வந்துவிடும். துரை வருகிற நாளில் தோட்டத்து ரோட்டைக் கூட்டுவது மாதிரி வளாகமும் கூட்டப்பட்டிருக்கும்.

அன்றாடம் தடுக்க வேண்டியவர் கேட்டில் நிற்கும் தம்பிதான். தனியார் கம்பனியின் சீருடை, வயது இருபத்தைந்துக்குள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "நான் சொன்னா கேப்பாங்க சேர். ஆனா எல்லாருக்கும் சொல்ல ஏலாதே. லயத்து ஆளுன்னா, 'அண்ணே, அணைங்க'ன்னுருவேன். வாகனத்துல வாற ஐயாமாருகிட்ட எப்பிடிச் சொல்றது? ஒருக்கா சொல்லி, நான்தான் ஏச்சு வாங்குனேன்."

எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் இதற்குக் கட்டமில்லை. 'தடை கடைப்பிடிக்கப்படுகிறதா' என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள்தான். 'யாருக்கு மட்டும் கடைப்பிடிக்கப்படுகிறது' என்று மூன்றாவதாக ஒரு பெட்டி இருந்தால் நம் ஆஸ்பத்திரிகளின் மதிப்பெண் வேறு மாதிரி வரும். சுருட்டிக் கட்டிய சாரத்தோடு நிற்பவருக்கு அதட்டல், காற்சட்டைக்காரருக்குப் பார்வை திருப்பல். அதட்டப்படுகிறவர் அடுத்த முறை விடுவதில்லை, ஒளிகிறார். ஒளிகிற இடம் பெரும்பாலும் வார்ட்டின் பின் ஜன்னல்.

பலகையின் மொழியும் இதோடு சேர்ந்ததுதான். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். அந்த வளாகத்தில் நான் கண்ட பலகைகளில் கேட்டில் இருந்தது மும்மொழி. உள்ளே போகப் போக மொழி ஒவ்வொன்றாக உதிர்ந்து, பின்புறம் வரும்போது சிங்களம் மட்டும் மிஞ்சியது. புகைப்பவர்கள் நிற்பதோ பின்புறம். குறுக்குக்கோடு போட்ட சிகரட் படம் எல்லாருக்கும் புரியும் என்பார்கள். புரியும். ஆனால் அந்தப் படத்தில் பீடி இல்லை, வெற்றிலையும் இல்லை.

வெற்றிலை என்றதும் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போகிறதே என்று தோன்றலாம். போகத்தான் வேண்டும். புகையற்ற வளாகம் என்று பெருமையாக எழுதிய நடைபாதையின் தூண் அடியைப் பாருங்கள், சிவப்பு. கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணின் மடியில் ஒரு சுருக்குப் பை, அதற்குள் வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு போயிலை. பசியை அடக்கும், குளிருக்கு உதவும், அட்டை கடித்த இடத்தில் தேய்க்கவும் ஆகும். நாடளாவிய 2015 ஆய்வொன்றின்படி இலங்கைப் பெண்களில் சிகரட் புகைப்பவர் ஆயிரத்தில் ஒருவர் அளவே. புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துபவரோ நூற்றில் ஐந்து பேர். ஆண்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர். இந்த நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாய்களைச் சோதித்து, புற்றுநோயும் அதற்கு முந்திய புண்களும் எவ்வளவு என்று பேராதனை ஆய்வாளர்கள் 2007இலேயே கட்டுரை எழுதிவிட்டார்கள்.

2016இல் பாக்கெட் புகையிலைக் கலவைகளுக்குத் தடை வந்தது. மடியில் கட்டிய போயிலைக்கு அது எட்டவில்லை. வளாகத்தில் புகை இல்லை என்று மதிப்பெண் போடுகிறவர், புகையிலை இல்லை என்று எழுதிவிடக் கூடாது. இந்த மலையில் இரண்டும் ஒன்றல்ல.

பெரியவரை மாலையில் மறுபடி பார்த்தேன். அவர் மனைவி பெண்கள் வார்ட்டில், இழுப்பு. வாழ்நாளில் ஒரு பீடி தொட்டதில்லை அந்த அம்மா. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நாற்பது வருடம் விறகு அடுப்பு ஊதினார், பக்கத்தில் புருஷன் பீடி குடித்தார். இதை அவரே சொன்னார், நான் கேட்கவில்லை. "அடுப்புப் பொகைன்னு டொக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார்.

விட நினைத்ததுண்டா என்று கேட்டேன். பலதடவை என்றார். யாராவது வழி சொன்னார்களா? "வேணாம், வேணாம்னுதான் சொல்றாங்க. எப்பிடின்னு யாரும் சொல்லல."

அதிகார சபைக்கு இதற்கென ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அழைத்தால் விடுவதற்கு வழி சொல்வார்கள். கேட்டுப் பலகையிலும் அது இல்லை, உள்ளே எந்தப் பலகையிலும் நான் காணவில்லை. அவருடைய மனைவியின் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தேன்: 1948.

கொப்பியைத் தூரமாகப் பிடித்து வாசித்தார். பிறகு சிரித்தார்.

"எங்கப்பனுக்குப் பிரஜாவுரிமை போன வருசம்ல தம்பி. இத எழுதித் தரணுமா?"

கொப்பியைக் கூடைக்குள் வைத்தார். கை காதோரம் போய், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.